எத்தனை தலைமுறையில் ஒரு சமூகம் கலந்துபோகிறது?

கேள்வி இது: வேறொரு நாட்டில் போய்க் குடியேறும் சமூகம் எத்தனை தலைமுறையில் அந்த நாட்டு மக்களாகவே ஆகிவிடுகிறது? கேட்டவர் கூடவே தன் எண்ணத்தையும் சேர்த்திருக்கிறார். அந்தக் காலத்தில் அமெரிக்காவுக்குக் கப்பலேறிய ஐரோப்பியர்கள் இறங்கிய சில ஆண்டுகளிலேயே ஆங்கிலம் கற்று அமெரிக்கர்களாகிவிட்டார்களாம். இன்று போகிறவர்கள்தான் தங்கள் மொழியையும் வழக்கத்தையும் விடாமல் தனித்து நிற்கிறார்களாம்.

வழக்கமாகச் சொல்லப்படும் விடை மூன்று தலைமுறை. போனவர்கள் புது மொழியைத் தட்டுத்தடுமாறிப் பேசுவார்கள், பிள்ளைகள் இரண்டையும் பேசுவார்கள், பேரப்பிள்ளைகளுக்குப் புது மொழி மட்டுமே வரும். பல இடங்களில் இது பொருந்தவும் செய்கிறது. ஆனால் தலைமுறை எண்ணிக்கை எதையும் விளக்குவதில்லை. ஒரே பகுதியிலிருந்து புறப்பட்டு ஒரே நாட்டில் இறங்கியவர்களில் ஒரு சாரார் அறுபது ஆண்டுகளில் அடையாளமின்றிக் கலந்திருக்கிறார்கள், மற்றொரு சாரார் முந்நூறு ஆண்டுகளாகக் கலக்கவே இல்லை. ஏன் என்று பார்க்க அமெரிக்க ஜெர்மானியர்களைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. கேட்டவரின் எண்ணத்தைச் சோதிக்கவும் அவர்களே பொருத்தம்.

1683-இல் க்ரேஃபெல்ட் நகரத்திலிருந்து வந்த 13 குடும்பங்கள் பிலடெல்பியாவுக்கு அருகே ஜெர்மன்டவுன் என்ற ஊரை உண்டாக்கின. அடுத்த எழுபது ஆண்டுகளில் பென்சில்வேனியாவில் ஜெர்மானியர் தொகை பெருகியபோது பெஞ்சமின் பிராங்க்ளினுக்கே அச்சம் வந்துவிட்டது. ஆங்கிலேயர் நிறுவிய பென்சில்வேனியா அந்நியரின் குடியேற்றமாக மாற வேண்டுமா, நாம் அவர்களை ஆங்கிலேயராக்குவதற்குப் பதில் அவர்கள் நம்மை ஜெர்மானியராக்கிவிடுவார்களே என்று 1751-இல் எழுதினார். சாக்சன்களைத் தவிர மற்ற ஜெர்மானியரின் நிறம்கூட வெள்ளையல்ல, மங்கல் என்றார். மொழியைக் கற்க மாட்டார்கள், கூட்டமாக வாழ்வார்கள், நம்மை விழுங்கிவிடுவார்கள் என்று இன்று எந்தப் புதுக் குடியேறியைப் பற்றியும் பேசப்படுவதெல்லாம் அன்றே ஜெர்மானியரைப் பற்றிப் பேசப்பட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இன்னும் பெரிய அலை வந்தது. 1882 என்ற ஒரே ஆண்டில் மட்டும் சுமார் இரண்டரை லட்சம் ஜெர்மானியர் வந்திறங்கினார்கள். மில்வாக்கி, சின்சினாட்டி, செயின்ட் லூயிஸ் நகரங்களிலும் அவற்றைச் சுற்றிய பண்ணை நிலங்களிலும் குடியமர்ந்தார்கள். சின்சினாட்டியில் ஒரு கால்வாய்க்கு வடக்கே இருந்த குடியிருப்புக்கு 'ரைன் நதிக்கு அப்பால்' என்றே பெயர் விழுந்தது. அந்தப் பெயர் இன்றும் இருக்கிறது. அந்த நகரத்து அரசுப் பள்ளிகளில் 1840 முதலே ஜெர்மனும் பாடமொழி. ஜெர்மன் செய்தித்தாள், ஜெர்மன் உடற்பயிற்சிச் சங்கம், பாடகர் குழு, காப்பீட்டு நிறுவனம், தேவாலயம், பீர்த் தோட்டம் எல்லாம் இருந்தன. பிறப்பு முதல் அடக்கம் வரை ஆங்கிலம் இல்லாமல் வாழ்ந்துவிட முடிந்தது.

இவர்கள் எவ்வளவு விரைவாக ஆங்கிலம் கற்றார்கள் என்பதற்குச் சான்று இருக்கிறது. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆங்கிலம் பேசத் தெரியுமா என்ற கேள்வி 1910-இல் கேட்கப்பட்டது. விஸ்கான்சின் மாநிலத்தின் அந்தப் படிவங்களை மொழியியலாளர் ஜோசப் சால்மன்ஸும் அவருடன் பணியாற்றியவரும் தேடிப் பார்த்தார்கள். ஹஸ்டிஸ்ஃபோர்ட் என்ற சிற்றூரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு ஜெர்மன் மட்டுமே தெரிந்திருந்தது. குடியேற்ற அலை ஓய்ந்து ஒரு தலைமுறை ஆகியிருந்த காலம் அது. அந்த ஒருமொழியாளர்களில் கணிசமானவர்கள் நேற்றுக் கப்பலில் வந்தவர்கள் அல்லர், விஸ்கான்சின் மண்ணிலேயே பிறந்தவர்கள். அவர்களில் பண்ணைக்காரர்களும் உண்டு, கடைக்காரர்களும் உண்டு, கைவினைஞர்களும் உண்டு. ஆங்கிலம் இல்லாததால் யாருக்கும் பிழைப்பு கெட்டதாகத் தெரியவில்லை.

அந்தக் காலத்தவர் உடனே ஆங்கிலம் கற்றார்கள் என்பது பின்னால் வந்த பேரப்பிள்ளைகள் தங்கள் முன்னோரைப் பற்றிக் கட்டிக்கொண்ட கதை. அன்போடு கட்டிய கதைதான். ஆனால் இன்று புதிதாக வருகிறவர்களை மட்டம்தட்ட அது பயன்படுத்தப்படும்போது மறுத்தாக வேண்டும்.

பிறகு ஏன் கலந்தார்கள்? முதல் உலகப் போர் என்று ஒரே சொல்லில் பதில் சொல்வது வழக்கம். போரின் கொடுமையைக் குறைத்துச் சொல்ல முடியாது. 1917 ஏப்ரலில் அமெரிக்கா போரில் இறங்கியதும் ஜெர்மன் என்ற சொல்லே குற்றமாகிவிட்டது. 1918 ஏப்ரலில் இல்லினாய் மாநிலத்தின் காலின்ஸ்வில் நகரத்தில் ராபர்ட் ப்ராகர் என்ற ஜெர்மானியச் சுரங்கத் தொழிலாளியை ஒரு கும்பல் தூக்கிலிட்டுக் கொன்றது. வழக்கு விசாரணையில் அத்தனை பேரும் விடுதலையானார்கள். மே மாதம் அயோவா ஆளுநர் வில்லியம் ஹார்டிங் பள்ளியிலும் பொது இடத்திலும் ரயிலிலும் தொலைபேசியிலும் ஆங்கிலம் மட்டுமே பேசப்பட வேண்டும் என்று அறிவித்தார். சின்சினாட்டியில் ஜெர்மன் தெரு ஆங்கிலத் தெரு ஆயிற்று, பிரெமன் தெரு குடியரசுத் தெரு ஆயிற்று. ஜெர்மானியா ஆயுள் காப்பீட்டு நிறுவனம் கார்டியன் என்று பெயர் மாற்றிக்கொண்டது. மிசூரி சினட் என்று இன்று அறியப்படும் லூதரன் திருச்சபை தன் பெயரின் தொடக்கத்திலிருந்த 'ஜெர்மன்' என்ற சொல்லை 1917-இல் எடுத்துவிட்டது.

நெப்ராஸ்காவில் எட்டாம் வகுப்பு முடிக்காத குழந்தைக்கு அந்நிய மொழி கற்பிப்பதையே 1919-இல் சட்டம் தடை செய்தது. ஹாம்ப்டன் என்ற சிற்றூரில் ஒற்றை அறைப் பள்ளி ஒன்றை லூதரன் சபை நடத்திவந்தது. அங்கே ராபர்ட் மேயர் ஆசிரியர். சட்டத்தின் எழுத்துக்கு உட்பட்டு நடக்க விரும்பி, இடைவேளையை நீட்டி அந்த நேரத்தில் மட்டும் ஜெர்மன் வாசிப்பு நடத்தினார்கள். 1920 மே 25 அன்று மாவட்ட அரசு வழக்கறிஞர் வகுப்புக்குள் நுழைந்தபோது பத்து வயதுச் சிறுவன் ஒருவன் ஜெர்மன் விவிலியத்தை வாசித்துக்கொண்டிருந்தான். மேயர் நினைத்திருந்தால் அந்த நொடியே ஆங்கிலத்துக்கு மாறியிருக்கலாம். மாறவில்லை. 25 டாலர் அபராதம் விதித்தார்கள். அவர் கட்ட மறுத்து வழக்காடினார். 1923-இல் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றது. பிள்ளைக்கு என்ன கற்பிக்கலாம் என்பதில் பெற்றோருக்கு உள்ள உரிமையைப் பற்றி அமெரிக்காவில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு அது. மேயர் வென்றார். ஆனாலும் ஜெர்மன் பள்ளிகள் திரும்பவில்லை.

ஏன் திரும்பவில்லை என்பதில்தான் விடை இருக்கிறது. போருக்கு முன்பே அடித்தளம் நகர்ந்திருந்தது. 1889-இல் விஸ்கான்சினில் பள்ளிகளில் ஆங்கிலத்தைக் கட்டாயமாக்கி பென்னட் சட்டம் வந்தபோது, லூதரன்களும் கத்தோலிக்கர்களும் ஒன்றுசேர்ந்து அடுத்த ஆண்டுத் தேர்தலில் ஆளுங்கட்சியையே கவிழ்த்தார்கள். 1891-இல் சட்டம் திரும்பப் பெறப்பட்டது. அப்போது அந்த வலு இருந்தது. அடுத்த முப்பது ஆண்டுகளில் அந்த வலுவைத் தாங்கியிருந்த உள்ளூர் அமைப்புகள் ஒவ்வொன்றாக வெளியாரின் கைக்குப் போயின. பாடத்திட்டமும் ஆசிரியர் நியமனமும் ஊரிடமிருந்து மாநிலத்துக்குச் சென்றன. உள்ளூர் ஆலைகள் பெரிய நிறுவனங்களின் கிளைகளாயின. பத்திரிகைக்கு விளம்பரம் தொலைவிலிருந்து வந்தது. ஊரார் தங்களுக்குள் முடித்துக்கொண்ட காரியங்களுக்கு வெளியே உள்ள யாரையோ கேட்க வேண்டி வந்தது, அந்த யாரோ ஆங்கிலம் பேசினார். சால்மன்ஸின் வாதம் இதுதான், எனக்கும் இதுவே சரியாகப் படுகிறது. ஜெர்மனியிலிருந்து புதிதாக வருகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். 1920-இல் மதுவிலக்கு பீர்த் தோட்டங்களையும் மூடியது. சாயத் தொடங்கியிருந்ததைப் போர் தள்ளிவிட்டது.

இந்த மாற்றம் ஒரு வீட்டுக்குள் எப்படி நடக்கிறது என்பதைக் கூர்ந்து பார்க்க வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளிலும் இப்படியேதான் நடக்கிறது. 'இனி ஜெர்மன் பேசமாட்டோம்' என்று எந்தக் குடும்பமும் ஒரு நாள் உட்கார்ந்து முடிவெடுப்பதில்லை. மூத்த மகள் ஆறு வயதுவரை வீட்டு மொழி மட்டுமே அறிந்தவள். பள்ளிக்குப் போய் ஆங்கிலம் கற்கிறாள். அந்த ஆங்கிலத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து தம்பியிடம் பேசுகிறாள். தம்பி பள்ளிக்குப் போகும் முன்பே ஆங்கிலம் அறிந்திருக்கிறான். கடைக்குட்டி பிறக்கும்போது வீட்டில் பிள்ளைகளுக்கிடையே ஓடுவது ஆங்கிலம். அம்மா ஜெர்மனில் கேட்கிறாள், கடைக்குட்டிக்குப் புரிகிறது, ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான். பெற்றோருக்கு எதுவும் கைநழுவியதாகத் தோன்றுவதில்லை, ஏனென்றால் அவர்கள் தங்கள் மொழியில் பேசிக்கொண்டேதான் இருக்கிறார்கள். அந்தக் கடைக்குட்டி வளர்ந்து மணம் முடித்து, மனைவியும் தன்னைப் போலவே புரிந்துகொள்ள மட்டும் தெரிந்தவளாக இருக்கும்போது, அவர்கள் குழந்தையோடு ஜெர்மன் பேச வீட்டில் ஆளே இல்லை. தாத்தா பாட்டி இருக்கும்வரை சில வசைச்சொற்களும் செபங்களும் சமையல் பெயர்களும் மிஞ்சும்.

பல விஸ்கான்சின் சபைகளில் ஜெர்மனில் ஓர் ஆராதனை, ஆங்கிலத்தில் ஓர் ஆராதனை என இரண்டு நடந்தன. சபையின் முழு உறுப்பினராவதற்கான திடப்படுத்தல் வகுப்பை இளையவர்கள் எந்த மொழியில் கேட்டார்கள் என்பது பத்து ஆண்டுகளுக்குப் பிறகு சபையே எந்த மொழிக்கு மாறும் என்பதைக் காட்டிவிட்டது.

மொழி மாறினாலும் சமூகம் உடனே கலந்துவிடுவதில்லை. அதற்குத் திருமணம் வேண்டும். கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரத்தில் 1870 முதல் 1940 வரையிலான திருமணப் பதிவுகளை ஆராய்ந்து சமூகவியலாளர் ரூபி ஜோ கென்னடி 1944-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். திருமணத்தில் பூர்விக நாட்டின் எல்லைகள் தளர்ந்துகொண்டே வந்தன, மத எல்லைகள் நின்றன. ஜெர்மானியரும் ஸ்காண்டிநேவியரும் ஆங்கிலேய வழியினரும் தமக்குள் கொண்டு கொடுத்தார்கள், அவர்கள் பிராட்டஸ்டண்டுகள். ஐரிஷ்காரர், இத்தாலியர், போலந்துக்காரர் கத்தோலிக்கர்கள் என்பதால் ஒரு வட்டம். யூதர்கள் தனி. ஒரே பாத்திரத்தில் எல்லோரும் உருகுவதாக அமெரிக்கா தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட காலத்தில் உண்மையில் மூன்று பாத்திரங்கள் இருந்தன.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்தச் சுவர்களும் தாழ்ந்தன. போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு 1944-ஆம் ஆண்டுச் சட்டம் கல்லூரிப் படிப்புக்கும் வீட்டுக் கடனுக்கும் வழி செய்தது. நகரத்துப் பழைய தெருவை விட்டுப் புறநகரில் வீடு வாங்கியவருக்கு அடுத்த வீட்டுக்காரர் இத்தாலிய வழியினராகவோ போலந்து வழியினராகவோ இருந்தார். பிள்ளைகள் ஒரே பள்ளியில் படித்தார்கள், பிறகு மணந்துகொண்டார்கள். 1918-இல் தெருவில் ஜெர்மன் பேசப் பயந்த சமூகத்தின் வழிவந்தவர்களை 1944-இல் பெரும்பாலோர் அந்நியராக நினைக்கவே இல்லை. ஐரோப்பாவில் நேசப் படைகளுக்குத் தலைமை தாங்கிய ஐசனோவரின் முன்னோர் 1741-இல் பென்சில்வேனியாவுக்கு வந்த ஜெர்மன்மொழிக் குடும்பம். பசிபிக் கடற்படையை நடத்திய நிமிட்ஸ் டெக்சாஸில் ஜெர்மானியர் உண்டாக்கிய ஃப்ரெடெரிக்ஸ்பர்க் ஊரில் பிறந்தவர்.

இனி மறுபக்கம். அதே பென்சில்வேனியாவுக்கு, ஐசனோவரின் முன்னோர் வந்த அதே நூற்றாண்டில் வந்தவர்கள் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். இன்று அவர்கள் மூன்று லட்சத்துக்கு மேல். பெரும்பாலானோர் வீட்டில் பேசுவது இன்னமும் பென்சில்வேனியா ஜெர்மன். அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது என்று எண்ண வேண்டாம். தங்கள் பள்ளிகளில் ஆங்கிலத்தில்தான் படிக்கிறார்கள், வெளியாருடன் சரளமாகப் பேசுகிறார்கள். ஆங்கிலம் கற்றதால் அவர்கள் மொழி போகவில்லை. வேறு கதவுகளை அவர்கள் மூடி வைத்திருக்கிறார்கள். திருமணம் சபைக்குள் மட்டும். காருக்குப் பதில் குதிரை வண்டி என்பதால் அன்றாட வாழ்க்கை சில மைல் வட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. பள்ளி எட்டாம் வகுப்போடு முடிகிறது. அதற்கு மேல் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1972-இல் உச்ச நீதிமன்றமே அவர்களுக்குத் தீர்ப்பளித்தது. ஊரில் எதையும் வெளியாரின் கைக்கு விடாத வாழ்க்கை அது.

அந்த விலை பெரியது. எட்டாம் வகுப்போடு பிள்ளையின் படிப்பை நிறுத்தி மொழியைக் காப்பாற்ற நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். ஆனால் மொழிப்பற்று இருந்தால் போதும் என்று மேடையில் பேசுகிறவர்கள், அதை முந்நூறு ஆண்டு காத்தவர்கள் எதையெல்லாம் துறந்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

இதுவரை சொன்னதில் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும். ஜெர்மானியர் கலக்க முடிந்தது, கலக்க விடப்பட்டதால். 1790-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் சுதந்திரமான வெள்ளையருக்கு மட்டுமே கதவு திறந்தது. பிராங்க்ளினுக்கு மங்கலாகத் தெரிந்த ஜெர்மானியர் சட்டத்தின் கண்ணில் வெள்ளையராகிவிட்டார்கள். பஞ்சாபிலிருந்து வந்து அமெரிக்கப் படையிலும் பணியாற்றிய பகத் சிங் திந்த் குடியுரிமை கேட்டபோது, மேயரின் தீர்ப்பு வந்த அதே 1923-இல் அதே உச்ச நீதிமன்றம் அவர் வெள்ளையர் அல்லர் என்று மறுத்தது. கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் பருத்தி பயிரிட்ட பஞ்சாபி ஆண்களால் ஊரிலிருந்து மனைவியை அழைத்துவர முடியவில்லை, வெள்ளைப் பெண்ணை மணக்கவும் சட்டம் விடவில்லை. பலர் மெக்சிகோ வழிப் பெண்களை மணந்தார்கள். அப்பா சீக்கியர், அம்மா கத்தோலிக்கர், பிள்ளைகள் அம்மாவின் ஸ்பானிய மொழியில் வளர்ந்தவர்கள். சட்டம் எந்தக் கதவைத் திறந்து வைத்திருந்ததோ அந்த வழியாகவே அவர்கள் கலந்தார்கள். 1942-இல் முகாம்களில் அடைக்கப்பட்ட சுமார் 1,20,000 ஜப்பானிய வழியினரில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள், ஆங்கிலம் பேசியவர்கள். அவர்கள் ஒன்றவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

நம்மவரிலும் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள்; பெரும்பகுதி தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். இன்று அவர்களின் கொள்ளுப்பேரர்கள் வீட்டில் பேசுவது ஆங்கிலம். மொழியளவில் விஸ்கான்சின் ஜெர்மானியர் போன பாதையில்தான் போனார்கள். ஆனால் கலந்துபோகவில்லை. நாயுடு, பிள்ளை, கோவெண்டர் என்ற பெயர்கள் நிற்கின்றன, தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறார்கள். இசிப்பிங்கோ மாரியம்மன் கோவிலில் பெரிய திருவிழா புனித வெள்ளியை ஒட்டி நடக்கிறது, ஏனென்றால் தோட்டத் தொழிலாளிக்கு விடுமுறை கிடைத்தது அப்போதுதான். கலப்புத் திருமணத்தை 1949-இலும் குடியிருப்புக் கலப்பை 1950-இலும் சட்டம் தடுத்த நாடு அது. டர்பனில் சாட்ஸ்வொர்த் போன்ற இந்தியர் குடியிருப்புகள் அந்தச் சட்டத்தின் பிள்ளைகள். அங்கே தமிழ் அடையாளம் நின்றதில் பக்திக்கும் பங்கு உண்டு, இன ஒதுக்கலுக்கும் பங்கு உண்டு. முன்னதை மட்டும் சொல்லிப் பெருமைப்படுவது நேர்மையல்ல.

தாத்தா மறைந்த பிறகு பேரன் வேரைத் தேடுவான் என்பதும் உண்மையே. மகன் மறக்க விரும்பியதைப் பேரன் நினைவுகூர விரும்புவான் என்ற கருத்தை வரலாற்றாளர் மார்கஸ் லீ ஹான்சன் 1938-இல் வெளியிட்டார். ஆனால் தேடிப் பெறுவது வேறொன்று. டெக்சாஸின் நியூ பிரான்ஃபெல்ஸில் 1961 முதல் ஜெர்மன் தொத்திறைச்சி விழா களைகட்டுகிறது. அதே ஊரைச் சுற்றி உருவான டெக்சாஸ் ஜெர்மன் பேச்சுவழக்கைப் பேசுகிறவர்களோ முதியவர்கள். அவர்களின் பேச்சைத்தான் ஆஸ்டின் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் போவாஸ் 2001 முதல் பதிவு செய்துவருகிறார். அமெரிக்காவில் இன்று நான்கு கோடிக்கும் மேற்பட்டவர்கள் தங்களை ஜெர்மன் வழியினர் என்று குறிக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு அது நினைத்தபோது அணியக்கூடிய அடையாளம். அதனால் வேலையும் போகாது, வீடும் மறுக்கப்படாது.

இன்றைய குடியேறிகளைப் பற்றிய சந்தேகத்துக்கு வருகிறேன். தெற்குக் கலிபோர்னியாவில் ரூபன் ரும்பாவும் டக்ளஸ் மாசியும் ஃப்ராங்க் பீனும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஆசிய மொழிகள் பெரும்பாலும் இரண்டாம் தலைமுறையைத் தாண்டுவதில்லை என்று கண்டார்கள். ஸ்பானியம் சற்றுக் கூடுதலாக நிற்கிறது, அதுவும் மூன்றாம் தலைமுறையை ஒட்டித் தேய்கிறது. ஹஸ்டிஸ்ஃபோர்ட் ஜெர்மானியரைவிட இவர்கள் வேகமாகவே மாறுகிறார்கள். தொலைக்காட்சியும் பள்ளியும் வேலையும் எல்லாமே வெளியிலிருந்து வரும் காலத்தில் வேறு எப்படி நடக்கும்?

இன்று தடை இருப்பது வேறு இடத்தில். உரிய ஆவணம் இல்லாத குழந்தைக்கும் அரசுப் பள்ளி இடம் தந்தாக வேண்டும் என்று 1982-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் இரண்டு வயதில் தூக்கிவரப்பட்ட பிள்ளைகள் பன்னிரண்டு ஆண்டு அங்கே படித்து, ஆங்கிலத்திலேயே கனவு கண்டு வளர்கிறார்கள். பள்ளி முடிந்த மறுநாள் முறையாக வேலைக்குச் சேர அவர்களுக்கு உரிமை இல்லை. 2012-இல் அவர்களில் ஒரு பகுதியினருக்கு நாடுகடத்தலிலிருந்து தற்காலிகப் பாதுகாப்பும் வேலை அனுமதியும் கிடைத்தன, குடியுரிமை கிடைக்கவில்லை. அவர்களைப் பார்த்து ஏன் ஒன்ற மறுக்கிறீர்கள் என்று கேட்பது அநியாயம். ஒன்ற வேண்டிய அளவுக்கு அவர்கள் ஒன்றிவிட்டார்கள். மீதி அமெரிக்க நாடாளுமன்றத்தின் கையில் இருக்கிறது.